மூன்றாவது படத்தில் இருந்தவர்

நான்கு கட்டங்கள். முதல் படத்தில் ஒரு பாட்டி சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வருகிறார். இரண்டாவதில் பையின் ஓரத்திலிருந்து பணப்பை நழுவி விழுகிறது. மூன்றாவதில் முட்டிவரை பூட்ஸ் போட்ட ஒருவர் குனிந்து அதை எடுக்கிறார். சற்றுத் தள்ளி, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான்காவது கட்டத்தில் படம் கிடையாது, பெரிய கேள்விக்குறி மட்டும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் தமிழ் படித்த யாருக்கும் இந்தப் படக்கட்டுரை பழக்கமானது. கதையின் முடிவை மாணவரே எழுத வேண்டும். அடியில் உதவிச் சொற்கள் நாலைந்து இருக்கும்.

2014 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. பூன் லேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்து இதை எழுதினார்கள். துணைப்பாட வகுப்பு என்று பெரிதாகச் சொல்ல முடியாது. எங்கள் புளோக்கிலும் பக்கத்து புளோக்கிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள், தொடக்கநிலை நான்கும் ஐந்தும். வாரம் இரண்டு மணி நேரம். முதல் தாளைத் திருத்தினேன். பூட்ஸ் போட்டவர் திருடன். இரண்டாவது தாள், திருடன். ஐந்து தாளிலும் அவர் திருடன்தான். ஒன்றில் அந்தச் சிறுவன் துரத்திப் பிடித்தான், ஒன்றில் காவல் அதிகாரி விலங்கு மாட்டினார், ஒன்றில் பாட்டி கண்ணீர் மல்க நன்றி சொன்னார். உதவிச் சொற்களில் 'காவல் அதிகாரி' இருந்தது உண்மை. ஆனால் 'திருடன்' என்ற சொல் அங்கே இல்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம் உண்டு. முட்டிவரை பூட்ஸ் என்றால் எங்கள் பக்கத்தில் ஊரிலிருந்து வந்த தொழிலாளியைத்தான் நினைப்போம். அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஜூரோங்கில் இருக்கும் விடுதிக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லவிருந்த பேருந்தின் அடியில் சிக்கி, தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். காவல்துறை வண்டிகள் கவிழ்க்கப்பட்டன, ஓர் ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு அந்த பிப்ரவரியில்தான் சாட்சிகளைக் கேட்கத் தொடங்கியிருந்தது. தமிழ் முரசில் தினமும் ஒரு சாட்சி. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. ஒருவர் கேட்ட சத்தம் இன்னொருவர் காதில் விழவில்லை. ஒரே இரவு, ஒரே தெரு.

பூன் லேயில் அந்தச் செய்தி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. 1990இல் ரயில் இங்கே வந்தது. 2009இல் ஜூ கூன்வரை தண்டவாளம் நீளும்வரை பூன் லேதான் கடைசி நிலையம். துவாஸுக்கும் ஜூரோங் தீவுக்கும் விடுதிகளுக்கும் போகிறவர்கள் இங்கே இறங்கிப் பேருந்து மாறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்து முனையத்தில் சட்டை இஸ்திரி போட்டுப் பவுடர் பூசிய இளைஞர்கள், லிட்டில் இந்தியாவில் வாங்கிய மளிகைப் பைகளோடு வரிசையில் நிற்பார்கள். ஊர்ப் பேச்சு காதில் விழும். எங்கள் பிள்ளைகள் அந்த வரிசையைத் தாண்டித்தான் ஜூரோங் பாயிண்டுக்குப் போவார்கள். டிசம்பருக்குப் பிறகு பெரியவர்கள் வீட்டில் பேசியதை அவர்கள் கேட்டிருந்தார்கள். கேட்டதைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஐந்து தாளையும் இன்னொரு முறை படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பாட்டி 'வந்தார்'. காவல் அதிகாரி 'பிடித்தார்'. பூட்ஸ் போட்டவர் 'எடுத்தான்'. பணப்பையை எடுத்து அவர் என்ன செய்தார் என்று எழுதுவதற்கு முன்பே, குனிந்த அந்த முதல் வாக்கியத்திலேயே, பிள்ளைகள் அவரை 'அவன்' ஆக்கியிருந்தார்கள். விகுதியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதே கட்டுரையை எழுதியிருந்தால் பாட்டியின் மகனுக்கும் காவல் அதிகாரிக்கும் திருடனுக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வினைச்சொல் எழுதும்போதே அவருக்கு நாற்காலி போடுவதா, நிற்கவைப்பதா என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் என் அப்பாயி. செம்பவாங்கில் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் அதன் வாசலுக்கருகில் வடை சுட்டு விற்றவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. அப்பாவுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து பூன் லேயில் மூவறை வீடு வந்தது. அப்பாயி வடைச் சட்டியையும் கையோடு கொண்டுவந்தார்.

பாட்டி வடை சுட்ட கதையை எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்கிறோம். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போகும், நரி பாடச் சொல்லும், வடை விழும், நரி கவ்விக்கொண்டு ஓடும், கதை முடியும். என் அப்பாயி சொல்லும்போது அது அங்கே முடியாது. நரி ஓடிய பிறகு அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார். கடலைப்பருப்பு இத்தனை காசு, எண்ணெய் இத்தனை, விறகு இத்தனை. ஆட்டுக்கல்லில் அரைத்த தோள்வலிக்குக் கணக்கு கிடையாது. "காக்காவுக்கும் நரிக்கும் சாமர்த்தியம் பேசுற கதையில, வடை சுட்டவ எங்கடி போனா?" என்று கேட்பார். முதல் வரியில் வந்த கிழவியை அடுத்த வரியில் எல்லாரும் மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைக்கும். என் தம்பி காக்கா கட்சி. கூட்டில் குஞ்சு இருந்திருக்கும், அதற்குத்தான் எடுத்துப் போயிருக்கும் என்று அழுகிற குரலில் வாதாடுவான். அப்பாயி யோசித்துவிட்டு, "அப்படியிருந்தா கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்பார். கொடுத்திருப்பாள் என்று சொல்ல மாட்டார். கதைக்குள் அவரே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமையலறைத் தரையில் கிடைத்தது அச்சில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்புலிமாமாவும் கோகுலமும் ஊரிலிருந்து வரும், மாய்ந்து மாய்ந்து படித்தேன். வாண்டுமாமா இல்லாமல் என் பிள்ளைப்பருவமே கிடையாது. ஆனால் அந்தக் கதைகளையெல்லாம் சொன்னது ஒரே குரல். எல்லாம் தெரிந்த, மேலே இருந்து பார்க்கிற, சுத்தமான எழுத்துத் தமிழில் பேசுகிற பெரியவர் குரல். வேதாளம் மட்டும்தான் ஒவ்வொரு கதை முடிந்ததும் இவர்களில் யார் செய்தது சரி என்று கேட்கும். விக்கிரமன் உடனே சரியான பதிலைச் சொல்லிவிடுவான். அவன் கொஞ்சம் தடுமாறட்டும், கதைக்குள் இருக்கும் அந்த ராணியை ஒருமுறை பேச விடட்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்து தாள்களைப் பார்த்த அடுத்த வாரம், ஜூரோங் பாயிண்டை ஒட்டியிருக்கும் ஜூரோங் வெஸ்ட் நூலகத்திலிருந்து ஆண்டனி பிரௌன் எழுதி வரைந்த 'வாய்சஸ் இன் தி பார்க்' என்ற படப்புத்தகத்தை எடுத்து வந்தேன். 1998இல் வந்தது. ஒரு பூங்கா, இரண்டு நாய்கள், நான்கு பேர். எல்லாரும் கொரில்லா முகத்தோடு மனித உடை உடுத்தியவர்கள். வசதியான ஒரு தாய் தன் மகனோடு வருகிறாள். வேலையில்லாத ஒரு தந்தை தன் மகளோடு வருகிறார். அதே சிறிது நேரத்தை நான்கு பேரும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். தாயின் கண்ணுக்கு அந்தப் பெண் ஒரு முரட்டுப் பிள்ளை. மகனின் கண்ணுக்கு அவள் அந்த நாளிலேயே நடந்த நல்ல விஷயம். ஒவ்வொரு குரலுக்கும் எழுத்துரு வேறு. மரங்களின் பருவம்கூட மாறுகிறது. ஒருவருக்கு இலையுதிர்காலம், ஒருவருக்குக் கோடை.

அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். நான்கு எழுத்துருவை வாயால் எப்படிப் படிப்பது? அந்தத் தாய்க்கு வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழைக் கொடுத்தேன், ஒரு எழுத்து சிந்தாமல். தந்தை பேசியபோது என் அப்பாவின் பட்டறைத் தமிழ் தானாக வந்தது, "என்னாத்த செய்யிறது, போவட்டும்" என்று. தனியாகவே வளர்ந்த அந்தப் பையனுக்கு, பரீட்சைக்கு மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளையின் தயங்கித் தயங்கி வரும் தமிழ். கடைசியில் அந்தப் பெண் வந்தாள். என் மகளின் பேச்சு, மலாயும் ஆங்கிலமும் கலந்து, வாக்கியத்துக்கு ஒரு 'லா'வோடு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, புத்தகத்துல இப்படிப் பேசலாமா?"

அவள் அப்படிக் கேட்டதிலேயே எங்கள் குறை முழுவதும் இருந்தது. தமிழ்ப் புத்தகம் என்றால் ஒரே ஒரு தமிழ்தான் பேசும் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறாள். அந்தத் தமிழை அவள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்படியானால் அவள் வீட்டில் இருக்கும் யாரும் கதைக்குள் வர முடியாது.

உயர்நிலைப் பிள்ளைகளுக்கு ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' கொடுப்பேன். 2012இல் வந்த நாவல். முகக் குறைபாட்டோடு பிறந்த சிறுவனின் கதையை முதலில் அவனே சொல்கிறான், பிறகு அக்காள், தோழி, நண்பன் என்று குரல் கை மாறுகிறது. அக்காள் பேசத் தொடங்கியதும் கதை ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். எல்லாரும் அந்தத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில், அவளை யார் பார்த்தார்கள்? ஜஸ்டின் என்ற பையன் பேசும் பகுதியில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளே வராது. அது அவன் குரலின் அடையாளம். நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை சின்ன எழுத்தும் இல்லை. நமக்கு இருப்பது அதைவிடப் பெரிது. வந்தார், வந்தாங்க, வந்துச்சு, வந்தாரு, வந்தாக என்று ஒருவர் வாயைத் திறந்தாலே ஊரும் வயதும் யாரோடு பேசுகிறார் என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

இது வெளியிலிருந்து வாங்க வேண்டிய பண்டமும் இல்லை. தொடக்கக் கல்லூரியில் தமிழிலக்கியம் எடுத்தபோது, அகப்பாட்டின் கீழே 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்று இருப்பதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். வெகுநாள் கழித்து, ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை நிதானமாகப் படித்தபோது உட்கார்ந்துவிட்டேன். ஓதலாந்தையார் பாடிய நூறு பாட்டு. அதில் ஒரு பத்து, மகள் காதலனோடு போய்விட்ட வீட்டில் தாய் புலம்புவது. அதற்கு அடுத்த பத்து, அந்த மகள் போகிற சுரத்துவழியில் பேசப்படுவது. அதற்கும் அடுத்தது, அவர்கள் திரும்பி வருவது. ஓடிப்போனவள் மேல் தப்பா, அடைத்து வைத்தவள் மேல் தப்பா என்று புலவர் நடுவில் வந்து சொல்வதே இல்லை. ஆளுக்கு ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். யார் யாரிடம் எப்போது பேசலாம் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. குரலைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த மொழி இது.

பல குரல் இருந்தாலே கதை நன்றாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அத்தியாயத்தின் தலையில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிற புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். அவை பிள்ளைகளை ஏமாற்றுகின்றன. இன்னொரு சங்கடமும் உண்டு. பூங்காப் புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்த என் சின்ன மகள், அப்போது ஆறு வயது, "நாலுல எதும்மா நிஜம்?" என்று கேட்டாள். நாலும்தான் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் காலையில்தான் விசாரணைச் செய்தி படித்திருந்தேன். ஒருவர் செத்துப்போனார், அது நிஜம். ஆம்புலன்ஸ் எரிந்தது, அதுவும் நிஜம். அதை யாருடைய கோணமும் மாற்றாது. "பூங்காவுக்கு நாலு பேரும் போனது நிஜம், அந்தப் பையன் பூ கொடுத்தது நிஜம். மனசுக்குள்ள இருந்தது ஆளுக்கு ஆள் வேற" என்றேன். அவள் ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் கோப்பையில் இருக்கும் அந்தப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை அதே நான்கு படங்களை மறுபடியும் கொடுத்தேன். மூன்றாவது படத்தில் குனிகிறவர் நீங்கள்தான், 'நான்' என்று எழுதுங்கள் என்றேன். தமிழில் தன்மைக்கு மரியாதை விகுதி கிடையாது, அவமரியாதை விகுதியும் கிடையாது. 'எடுத்தேன்' என்றால் எடுத்தேன்தான். அந்த ஒரு எழுத்து மாறியதும் பிள்ளைகளின் பேனா நின்றுபோனது. நான்கு பேர் எப்படியோ சமாளித்தார்கள். தொடக்கநிலை ஐந்து படித்த ஒரு பையன் மட்டும் எழுதவே இல்லை. "அவர் எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றான். அவர் என்று சொன்னான். அவன் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

பள்ளி விட்ட ஒரு மதியம் அவனைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் புளோக்கைச் சுற்றிப் புல் வெட்டும் தம்பி ஒருவர் அங்கே தூணோரம் உட்கார்ந்திருந்தார். முட்டிவரை பூட்ஸ், புல் துணுக்குகள் ஒட்டிய முழங்கை, பக்கத்தில் இயந்திரம். மடியில் சோற்றுப் பொட்டலம். விடிவதற்கு முன்பே விடுதிக்கு வந்துவிடும் அந்தப் பொட்டலம். மதியம் பிரிக்கும்போது குழம்பு காகிதத்தில் ஊறியிருக்கும். எங்களைப் பார்த்ததும் பொட்டலத்தை மூடினார்.

"இங்க உக்காரக் கூடாதாக்கா? இதோ எந்திரிச்சிடுறேன்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பையன்தான் தாளை நீட்டினான். "அங்கிள், இவர் பர்ஸை எடுக்கும்போது மனசுல என்ன நினைப்பாரு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அண்ணேன்னு கூப்பிடுங்க தம்பி, அவ்வளவு வயசாகலை" என்றார். அறந்தாங்கிப் பக்கம் ஊர். பிறகு சொன்னார்: "எடுத்தா திருடன்னு சொல்லுவாங்க. எடுக்காமப் போனா அந்தம்மா பாவம். குனியறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் பாப்பேன்."

"யாரும் பாக்கலையான்னா?"

"இல்ல தம்பி. யாராச்சும் பாக்கணும். ஒருத்தராவது பாத்துக்கிட்டு இருந்தாத்தான் எடுக்க முடியும்."

பையன் மூன்றாவது படத்தைக் கையில் வாங்கி மறுபடி பார்த்தான். தள்ளி நிற்கிற சீருடைச் சிறுவன். ஒரு தாளில் திருடனைத் துரத்திப் பிடித்தவன் அவன்தான். திருடனும் நாலு பக்கம் பார்ப்பான், இவரும் நாலு பக்கம் பார்க்கிறார். கழுத்து திரும்புவது ஒன்றுதான். நான் முப்பது ஆண்டுகளாகக் கதை படித்து வந்தவள். அந்த நொடிவரை எனக்கும் இது தோன்றியதில்லை.

அன்றிரவே அவன் எழுதினான். அதே தாள் அந்த வாரம் அவனுக்குப் பள்ளி வீட்டுப்பாடமாகவும் வந்திருந்ததால் அங்கேயும் அதையே கொடுத்தான். திரும்பி வந்தபோது, அண்ணன் பேசிய வரிகளெல்லாம் சிவப்பு மையில் எழுத்துத் தமிழாக மாறியிருந்தன. 'பாப்பேன்' பார்ப்பேன் ஆகியிருந்தது. அறந்தாங்கி போய்விட்டது. பையனின் முகம் வாடியதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திருத்தியவர் இடத்திலும் உட்கார்ந்து பார்த்தேன். கட்டுக் கட்டாகத் தாள்கள், முன்னால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, ஒரு பிழைக்கு இவ்வளவு மதிப்பெண் என்ற கணக்கு. அந்தப் பிள்ளை மதிப்பெண் இழந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் அந்தச் சிவப்பு மை இறங்கியிருக்கும். பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2005லேயே இங்கே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. ஆனால் பேசும்போது அனுமதித்ததை எழுதும்போது அனுமதிக்க நம் கை இன்னும் தயங்குகிறது. மேற்கோள் குறிக்குள்ளாவது ஒருவர் தன் குரலில் பேச விடலாமே என்றுதான் நான் கேட்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மின்தூக்கிக்கு எதிரில் அந்த அண்ணனைப் பார்த்தோம். இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். பையனை அடையாளம் கண்டு, "தம்பி, அந்த ஆளு கடைசில என்ன ஆனாரு?" என்றார்.

பையன் உற்சாகமாகச் சொன்னான். பாட்டி கட்டிப்பிடித்து அழுதார், காவல் அதிகாரி கை குலுக்கினார், நாளிதழில் படம் வந்தது.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்லா இருக்கு. ஆனா அவ்வளவு நேரம் அங்க நிக்க முடியாது தம்பி. பர்சைக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டாருன்னு எழுதுங்க. லேட்டானா ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடிச்சிருவாங்க."

முகக்கவசத்தை இறக்கிவிட்டு இயந்திரத்தை இழுத்து முடுக்கினார். பையன் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தான். நான்காவது கட்டத்தில், கேள்விக்குறியின் மேலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிற ஒருவரை வரைந்தான். பூட்ஸ் வரைவதற்குத்தான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.